மெத்தை ஏறுறோம்!

மதுரை
4 ஜனவரி 1929

தம்பி உமர் பாரூக்குக்கு அக்கா ஷரீபா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் என் மகள் ஆரிபாவும் சுகம். கொழும்பில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம். நீயாக எழுதினால்தானே தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு லத்தீப் எங்களை இந்த வீட்டில் குடியிருக்க விடமாட்டார் போலிருக்கிறது. அடிக்கவில்லை, வையவில்லை, வாசலில் குப்பை கொட்டவில்லை. கொட்டினால்கூடப் பெருக்கித் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான். மரியாதையாகக் குரல் கொடுக்கிறார்.

சிரிக்காதே. அவருடையது மெத்தை வீடு, நம்முடையது ஓட்டு வீடு. அந்த மொட்டை மாடி மெத்தையில் நின்றால் நம் முற்றம் முழுக்கத் தெரியும். அதனால்தான் நம் தெருவில் ஆண்பிள்ளை யார் மெத்தை ஏறினாலும் முதலில் "மெத்தை ஏறுறோம்!" என்று சத்தம் கொடுப்பதும், கோஷாப் பெண்கள் உள்ளே போய்விடுவதும். நல்ல வழக்கம், நமக்காக ஏற்பட்டது. ஆனால் ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை தடவைதான் மெத்தை ஏறுவான்? காலையில் ஏறுகிறார். இறங்கி மூச்சு வாங்குவதற்குள் மறுபடி ஏறுகிறார். அவர் தன் இரும்புக் கடைக்குப் போய்விட்டால் கூலியாள் விருமாண்டி ஏறுகிறான். இரும்புக் கம்பியை மேலே கொண்டுபோய் அடுக்குகிறார்கள், பிறகு அதையே கீழே இறக்குகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு குரல். ஒவ்வொரு குரலுக்கும் நானும் ஆரிபாவும் மாவுக் கையோடு ஓட்டம்.

எப்போது தொடங்கியது என்று கேள். மழைக்காலம் விட்டதும் நம் வீட்டை விலைக்குக் கேட்டு ஆளனுப்பினார். இரண்டு வீட்டையும் சேர்த்து இடித்து இரும்புச் சரக்கு வைக்கக் கிட்டங்கி போடப்போகிறாராம். "வீடு தம்பி பேருல இருக்கு. அவன் வந்தா கேட்டுக்கங்க. என்னையக் கேட்டா, இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே குரல் ஆரம்பித்துவிட்டது.

ரமலான் வர இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. பெருநாள் சேமியாவுக்கு இப்போதே கடைகளில் சொல்லிவைத்துவிட்டார்கள். எங்கள் வருஷத்துக் கஞ்சியே இந்த மாதத்து வெயிலில்தான் காய்கிறது. கையால் இழை இழுத்துக் கட்டிலில் துணி விரித்துப் போட்டால், கூடவே உட்கார்ந்து திருப்பிப் போட வேண்டும். நாங்கள் உள்ளே ஓடினால் காக்கை வருகிறது. நேற்று எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து பாதிக் கட்டிலைத் தின்றுவிட்டு மீதியில் படுத்துக்கொண்டது.

கோச்சடையிலிருந்து மோர் கொண்டுவரும் பாண்டியம்மாள்தான் எங்கள் சேமியாவைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவள். அவளுக்குக் கோஷா கிடையாது. முற்றத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கேட்டாள்: "இந்தாளுக்கு மெத்தையில என்ன, வெள்ளாமையா வெளையுது? அம்புட்டு வாட்டி ஏறுறாரு!"

அவர் உன் சிநேகிதர். ஒரே ஒரு வரி எழுது. போதும்.

உன் அக்கா
ஷரீபா


கொழும்பு
13 ஜனவரி 1929

கண்ணியத்துக்குரிய அக்கா அவர்களுக்குத் தம்பி உமர் பாரூக் ஸலாமுடன் எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் கிடைத்துச் சங்கதிகள் அறிந்தேன். கடையில் பெருநாள் துணி மூட்டைகள் வந்திறங்கிக்கொண்டிருப்பதால் உடனே பதில் எழுத இயலவில்லை.

அக்கா, தாங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தும் அதில் குற்றம் எது என்று எனக்கு விளங்கவில்லை. குரல் கொடுக்காமல் ஏறினார் என்றால் நானே கப்பலேறி வந்து கேட்பேன். குரல் கொடுத்துவிட்டு ஏறுகிறவரை என்னவென்று கேட்பது? பள்ளிவாசலில் போய்ச் சொன்னாலும் நம்மைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அவர் வீட்டு மெத்தை, அவர் வீட்டு இரும்பு.

லத்தீப் அண்ணனும் எனக்கு எழுதியிருக்கிறார். தங்களைப் பற்றி ஒரு தவறான சொல் அதில் இல்லை. "அக்காவுக்கு ஏதாவது மனக்குறை இருந்தால் என்னிடம் சொல்லச் சொல்" என்றுதான் எழுதியிருக்கிறார். அவரைத் தங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்குத் தெரியும். சின்ன வயதில் நாங்கள் இருவரும் பட்டம் விட அந்த மெத்தைக்குத்தான் போவோம். அவருடைய அத்தா எங்கள் காதைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நிறுத்திவைப்பார். நம் அம்மா உள்ளே போய்க் கதவுச் சங்கிலியை ஆட்டுகிற சத்தம் கேட்டால்தான் காதை விடுவார். ஒரு நாள் அம்மா எதற்கோ சங்கிலியை ஆட்டவே இல்லை. நாங்கள் சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் படியில் நின்றுவிட்டு, பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம். அப்படி வளர்க்கப்பட்டவர் அவர். அவர்மேல் இப்படிச் சொல்லலாமா?

இன்னொன்று. பெருநாள் முடிந்து நான் ஊருக்கு வரும்போது வீட்டுக் கிரயத்தை முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். தாங்களும் ஆரிபாவும் என்னோடு கொழும்புக்கே வந்துவிடலாம். இங்கே நான் இருக்கும் இடத்தில் முற்றம் கிடையாது. ஆனால் நல்ல கடற்காற்று உண்டு. அதுவரை தயவுசெய்து சண்டை வேண்டாம்.

தங்கள் தம்பி
உமர் பாரூக்


மதுரை
22 ஜனவரி 1929

தம்பிக்கு,

கடற்காற்றில் சேமியா காயாதடா. ஈரம் பிடித்துக் கொழகொழத்துப் போகும். உனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அன்று முழுக்க உன்மேல் எரிச்சலாக இருந்தது. அத்தா கட்டிய வீட்டை அவர் இரும்பு போடுவதற்குக் கொடுத்துவிட்டு, நான் வந்து உன் அறையில் ஒரு மூலையில் பாய் விரித்து உட்கார வேண்டும். இதைச் சொல்ல உனக்குக் கடற்காற்று ஒரு கேடு.

சாயங்காலம் கோபம் ஆறி உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சங்கிலி இருக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். ஆரிபாவைக் கூப்பிட்டு அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பிறகு இருவரும் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தோம்.

இது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பட்டம் விட்ட காலத்தில் நான் திண்டுக்கல்லில் வாழப்போயிருந்தேன். என் வீட்டுக்காரர் மவுத்தாகி நான் திரும்பி வந்தபோது அம்மாவும் இல்லை, சங்கிலி ஆட்டுகிற பழக்கமும் இல்லை. கூப்பிடுவார்கள், நாங்கள் ஓடுவோம், அவர்கள் ஏறுவார்கள். அதுதான் வழக்கம் என்று இருந்துவிட்டேன். அம்மா ஓடவில்லை, பார்த்தாயா. கை வேலையை முடித்து, கையைக் கழுவி, நிதானமாக உள்ளே போய்ச் சங்கிலியை ஆட்டியிருக்கிறாள். அதுவரைக்கும் ஆண்பிள்ளைகள் படியில் நின்றிருக்கிறார்கள். குரல் கொடுப்பது அவர்கள் பங்கு என்றால் சங்கிலி நம் பங்கு. நம் பங்கை நாமே தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

மறுநாள் காலையில் "மெத்தை ஏறுறோம்!" என்று வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. ஆரிபா பாதி எழுந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். படியில் செருப்புச் சத்தம். பாண்டியம்மாளுக்கு முன்னமே சொல்லிவைத்திருந்தேன். அவள் முற்றத்து நடுவில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்:

"யாரய்யா அது? சங்கிலிச் சத்தம் கேக்காம ஏறுறது? உள்ளார பொம்பளைக இருக்காங்கல்ல!"

செருப்புச் சத்தம் நின்றது.

"நாந்தான் கொரல் கொடுத்தேனே!" என்றார் அவர்.

"கொரலு கொடுத்தீக, சரி. பதிலு வந்துச்சா? உங்க அத்தா இருந்தா காதப் பிடிச்சு நிறுத்திருப்பாருல்ல?"

காது விஷயத்தையும் நான்தான் அவளிடம் சொல்லிவிட்டேன். என்ன செய்வது, வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் வீட்டு மெத்தைப் படி தெருப்பக்கம் வெளியே ஏறுகிறது, உனக்கே தெரியும். ஒரு கனத்த மனிதர் பாதிப் படியில் வெயிலில் நிற்பதைத் தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். சேமியாவை நிதானமாகத் திருப்பிப் போட்டோம். தண்ணீர் குடித்தோம். பிறகு உள்ளே போய்ச் சங்கிலியை ஆட்டினேன். அதற்குள் அவர் கடைக்குப் போய்விட்டிருந்தார்.

நான் அநியாயம் பண்ணவில்லை. காலையில் ஒரு தடவை, அஸருக்குப் பிறகு ஒரு தடவை, அவர்களுக்கு வேண்டுமென்று பட்டால் தட்டாமல் ஆட்டிவிடுகிறேன். நடுவில் எத்தனை குரல் வந்தாலும் என் கை மாவில் இருக்கிறது. விருமாண்டி இரும்புக் கம்பியோடு நின்று நின்று பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் படியிலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறான்.

உன் சிநேகிதன் மூக்கு ஒழுக நம் வாசலில் நின்ற காலத்திலிருந்து அவனை எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதாதே. வீட்டை விற்க மாட்டேன் என்று மட்டும் ஒரு வரி எழுது.

ஷரீபா


கொழும்பு
31 ஜனவரி 1929

அக்காவுக்கு,

தாங்கள் எழுதியதைப் படிக்கும்போது தங்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கலாம். எனக்கு இல்லை. மதிப்பான ஒரு வியாபாரியை அவன் இவன் என்று எழுதுவதும், மோர் விற்கிற பெண்ணை விட்டுத் தெருவில் வைத்து அவமானப்படுத்துவதும் நம் வீட்டுக்கு அழகா? கடைவீதியில் அவரைப் பார்த்து "என்ன ராவுத்தரே, சங்கிலி ஆட்டியாச்சா?" என்று கேட்கிறார்களாம். எனக்கு எழுதியிருக்கிறார். இந்தத் தடவை கடிதத்தில் மரியாதைச் சொற்கள் ஒன்றும் இல்லை.

நான் சொல்லாமல் இருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்குச் சோறு போடுகிற முதலாளி யார் தெரியுமா? லத்தீப் அண்ணனின் மனைவி பக்ருன்னிசாவுக்குச் சொந்தச் சின்னத்தா, தகப்பனோடு கூடப் பிறந்தவர். லத்தீப் அண்ணன் சொல்லித்தான் என்னை இங்கே வேலைக்கு எடுத்தார்கள். நாளைக்கே அவர் ஒரு கடிதம் போட்டால் நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நான் எந்த வாயால் அவருக்கு எழுதுவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதை யாரிடம் சொல்ல முடியும்?

ஆகையால் பெருநாளுக்குப் பிறகு கிரயம் என்று அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். தாங்கள் வருத்தப்படுவீர்கள். என்னாலும் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. அதுவரை சங்கிலியை விட்டுவிடுங்கள்.

கடிதத்தை மடித்த பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே அடுக்கிய இரும்பையே மறுபடி கீழே இறக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது நிஜந்தானா?

உமர் பாரூக்


மதுரை
9 பிப்ரவரி 1929

தம்பி உமருக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கிரயம் என்று படித்ததும் நான் அழுதேன். ஆரிபா பார்த்துவிட்டாள், அதனால் அவளும் அழுதாள். நீ பயப்படுவதை ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால் உன்னைத் திட்டியிருக்க மாட்டேன். பயம் இருந்தால் பயம் என்று சொல். அதை மரியாதை, அழகு என்றெல்லாம் வேறு பேர் வைத்துக் கூப்பிடாதே.

ஆனால் நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. இதையும் அவர் உனக்கு வேறு மாதிரி எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன்.

சங்கிலி விஷயம் தெருவில் பரவியதும் ஒரு வேடிக்கை நடந்தது. ஒவ்வொருத்தியாக நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எந்த வீட்டு முற்றத்திலும் நிம்மதி இல்லை, எங்காவது ஒரு மெத்தை மேலே இருக்கிறது. கேட்காமல் யாரும் எட்டிப் பார்க்க முடியாத முற்றம் நம்முடையது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. பள்ளிவாசல் ஆலிம்சா வீட்டம்மா மிளகாய் காயப்போட வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் தலை உலர்த்த வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா, ஆளுக்கு ஒரு கை சேமியா இழுத்தார்கள். போன வருஷம் நாங்கள் இருவர் மட்டும் செய்ததைவிட இப்போதே கூடுதல் ஆகிவிட்டது.

வந்தவர்களில் ஒருத்தி யார் என்று சொன்னால் நம்பமாட்டாய். லத்தீப் பெண்சாதி பக்ருன்னிசா. அவர் கடைக்குப் போனதும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின்சந்து வழியாக வந்து கதவைத் தட்டினாள். "உன் புருசனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. எங்க வீட்டு முத்தத்துலயே என்னால இருக்க முடியலை. உங்கள வெரட்டணும்னு எந்நேரமும் இரும்பத் தூக்கிக்கிட்டு கூலியாளுக ஏறுறதும் எறங்குறதும், இப்ப படியிலேயே காத்துக் கெடக்குறதும். பொழுதுக்கும் நான் அடுப்படியில அடஞ்சு கெடக்கேன். செத்த நேரம் வெயில்ல உக்காந்துட்டுப் போறேன்" என்றாள்.

எங்களை வீட்டுக்குள் அடைக்கப் போனவன் தன் வீட்டுக்காரியைத்தான் அடைத்துவைத்திருக்கிறான். அவள் தினமும் வந்தாள். நான்கு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறாள், சிரித்து நான் கேட்டதில்லை. நேற்று பாண்டியம்மாள் ஆட்டுக் கதையைச் சொன்னாள். ஆடு சேமியாவைத் தின்றுவிட்டுக் கட்டிலில் படுத்து அசைபோட்டதை அவள் தானே படுத்து நடித்துக் காட்டினாள். பக்ருன்னிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்தச் சத்தத்தில் படியில் ஆள் வருவது யாருக்கும் கேட்கவில்லை.

லத்தீப்தான். கடைவீதியில் மறுபடி யாரோ கேலி செய்திருக்கிறார்கள். கோபத்தில் நடுப்பகலில் வீட்டுக்கு வந்து, குரலும் கொடுக்காமல் நேரே மெத்தைக்கு ஏறிவிட்டார்.

நான் தலையை நிமிர்த்துகிறேன், மேலே அவர் நிற்கிறார். ஒரே அலறல். ஆலிம்சா வீட்டம்மா மாவுத் துணியையே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஈரத் தலையோடு இருந்த பெண்கள் கட்டிலைத் தட்டிவிட்டு ஓடினார்கள். நானும் ஆரிபாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பாண்டியம்மாள் காக்கை விரட்டுகிற கம்போடு எழுந்து, "ஏ ராவுத்தரே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள்.

பிறகு சத்தமில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். முற்றம் காலியாக இருந்தது. பக்ருன்னிசா மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதற்கு ஓட வேண்டும்? மேலே நிற்பது அவள் புருஷன். இந்தத் தெருவில் அவள் ஒளிந்துகொள்ளத் தேவையில்லாத ஆண்பிள்ளை அவர் ஒருவர்தானே. தலையில் முக்காடுகூட இழுக்காமல் கையிலிருந்த இழையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அவர் அவளையே பார்த்தார்.

அவள்தான் கேட்டாள். சத்தம் போடாமல், சோறு வைக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி.

"மெத்தையில என்ன வேலைங்க உங்களுக்கு?"

அவர் இறங்கிப் போய்விட்டார்.

தெரு ஆண்பிள்ளைகள் சும்மா விடவில்லை. மக்ரிபு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் கத்தினார்களாம். ஆலிம்சா மட்டும் கத்தவில்லை. "மெத்தைக் கைப்பிடிச் சுவர்மேல ஓலைத் தட்டி கட்டிருங்க லத்தீப். அப்புறம் நீங்களும் கூப்பிட வேணாம், அவங்களும் உள்ள போக வேணாம்" என்றாராம். அவர் தலையை ஆட்டினாராம். இன்று காலை விருமாண்டி மூங்கில் கொண்டுவந்து இறக்கினான்.

பக்ருன்னிசாவை வீட்டில் என்ன சொன்னாரோ தெரியவில்லை. எனக்கு அந்தக் கவலைதான். இன்று அவள் வரவில்லை.

ஆமாம், நீ கேட்டது நிஜம். அதே இரும்பைத்தான் ஏற்றி இறக்கினார்கள். உன் அக்கா சண்டை போடுவாள், பொய் எழுதமாட்டாள். நாளை மறுநாள் நோன்பு பிடிக்கிறது. இதற்குமேல் நீ எதைச் செய்தாலும் செய். நான் கேட்கமாட்டேன்.

ஷரீபா


கொழும்பு
20 பிப்ரவரி 1929

அன்பான அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எழுத வரும் என்று தோன்றுகிறது. சொல்லிவிட்டேன்.

தங்கள் கடிதம் கடைக்கு வந்த அன்றே, துணி மூட்டைமேல் உட்கார்ந்து லத்தீப் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். வீடு விற்பதற்கில்லை, முன்னால் எழுதியது என் தவறு, அக்காவைக் கேட்காமல் எழுதிவிட்டேன் என்று எழுதினேன். கையோடு தபால் பெட்டியில் போட்டேன். போட்ட பிறகு என்ன, வேறு வழியில்லை. முதலாளிக்கு அவர் மூலமாகத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடித்ததும் அவர் எதிரில் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தங்கள் கடிதத்தையும் படித்தேன். ஆட்டுக் கதையை விட்டுவிட்டுப் படித்தேன், அப்புறம் பக்ருன்னிசா சிரித்தது புரியாதே என்று திரும்பிப் போய் அதையும் படித்தேன். அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

படித்து முடித்ததும் கேட்டார்: "அந்தப் புள்ள சிரிச்சுச்சுன்னா எழுதிருக்காங்க?"

"ஆமாங்க" என்றேன்.

"அந்த எடத்தத் திரும்பப் படி."

படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை அக்கா. தகப்பனில்லாத பக்ருன்னிசாவை அவர்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாராம். எனக்கு இது தெரியவே தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்து, "லத்தீபுக்கு நான் எழுதுறேன். நீ போயி வேலையப் பாரு" என்றார். போய் வேலையைப் பார்த்தேன். இன்றுவரை வேலை இருக்கிறது.

நான் எதைச் செய்தாலும் கேட்கமாட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்காமலே ஒன்று செய்யத் தீர்மானித்துவிட்டேன். வீட்டைத் தங்கள் பேருக்கு எழுதிவைக்கப்போகிறேன். என் பேரில் இருக்கிறவரைக்கும் யாராவது எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருப்பார்கள், நானும் எங்காவது பயந்துகொண்டே இருப்பேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதலாளி லீவு கொடுத்திருக்கிறார். வந்து பத்திரம் பதிந்து தருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பக்ருன்னிசா அக்கா வந்தார்களா? முதலாளி தினமும் கேட்கிறார்.

தம்பி
உமர்


மதுரை
16 மார்ச் 1929

என் தம்பி உமருக்கு, அக்கா துஆச் செய்து எழுதுவது.

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. சேமியா ஒரு இழை மிச்சமில்லை. பாண்டியம்மாள் கடைசிக் கூடையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, "அடுத்த வருசத்துக்கு இப்பவே கேக்குறாங்கம்மா, எம்புட்டுத்தான் இழுப்பீக?" என்று சலித்துக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் அவளுக்குச் சலிப்பாகத்தான் வரும்.

முதலில் உன் முதலாளிக்குச் சொல். பக்ருன்னிசா வந்தாள். நோன்பு பிடித்த முதல் வாரம் முழுக்க வரவில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் லுஹர் தொழுகைக்கு முன் வாசல்கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் அவள். பின்சந்தில் இல்லை, தெருவாசலில், பட்டப்பகலில் நிற்கிறாள். "அவருக்குத் தெரியுமா?" என்றேன். "அவருதான் வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போறாரு" என்றாள். கொழும்பிலிருந்து சின்னத்தா என்ன எழுதினாரோ, அவள் சொல்லவில்லை. அன்று இரண்டு பேர் வேலையை அவள் ஒருத்தியே செய்தாள்.

தட்டி கட்டியாகிவிட்டது. இப்போது மெத்தையில் யார் ஏறினாலும் எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கிட்டங்கிக்கு அவர் செல்லூரில் ஒரு கொட்டகை பிடித்துவிட்டார். அங்கே தறிச் சத்தத்தில் இவர் இரும்புச் சத்தம் யாருக்கும் கேட்காது. பெருநாள் தொழுகை முடிந்து வரும்போது நம் வாசலில் நின்றார். கதவுக்கு வெளியிலிருந்தே, "அக்கா, பெருநாள் ஸலாம் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார். நான் உள்ளிருந்து பதில் ஸலாம் சொன்னேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இன்னும் இல்லை. ஆனால் ஒரு கிண்ணம் சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் திரும்பி வரும்போது வெறுமையாக வரவில்லை, பேரீச்சம்பழம் இருந்தது.

இனி பத்திரம். வேண்டாம் என்று சொல்லுவேன், நீ வற்புறுத்துவாய், நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன் என்று நினைத்தாய் அல்லவா? சொல்லமாட்டேன். எழுதிக் கொடு. வாங்கிக்கொள்கிறேன். இந்த வீட்டுக்காக நான் சண்டை போட்டிருக்கிறேன், எனக்கு அது வேண்டும். உனக்கு இதைக் கொடுக்க மனம் வந்ததே என்று நான் அழுததைத் தனியாக வேறு எழுத வேண்டுமா?

போட் மெயில் ரயிலில் வருகிற நாளை முன்னாலேயே எழுது. முன்னாலேயே என்று ஏன் சொல்கிறேன் என்றால், காலையிலிருந்து அஸர் வரைக்கும் முற்றம் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். மழைக்காலம் வரை அப்பளம் போடலாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். ஆகையால் பகலில் நீ பள்ளிவாசலிலோ கடைவீதியிலோதான் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

இத்தனை வருஷமாக ஊர் என்னைத் தம்பி வீட்டில் இருக்கிறவள் என்றுதான் சொல்லியது. நீயும் சொன்னதில்லை, நானும் காட்டிக்கொண்டதில்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வா தம்பி. அக்கா வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ.

ஷரீபா